ஸ்பேருக்கு வெந்நீர்

கை பொறுக்கிற சூடு போதும்னான் தங்கப்பழம். யாரு கைன்னு சொல்லலியே. என் வீட்டுக்காரி பிரமாச்சி கை கொதிக்கிற சோத்துப் பானைய துணி இல்லாம இறக்கி வைக்கிற கை. என் கை முப்பத்தோரு வருசம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் ரூம்ல மைக்கையும் பேனாவையும் தவிர ஒண்ணையும் பிடிக்காத கை. இதுல எந்தக் கைக்குப் பொறுக்கணும்? கேக்கதுக்குள்ள போன வச்சுட்டான். சரி, கோழி இருக்கது என் கையில, அப்ப என் கைதான் கைன்னு முடிவு பண்ணி, பச்சை பேசின்ல வெந்நீர ஊத்தி, ஒரு பிடி உப்பும் போட்டு, கொல்லைப்புற பாத்ரூம்ல முக்காலியில உக்காந்துட்டேன். வெந்நீர்ல கருங்கோழி. கோழிக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. அரை மணி நேரம். அசையக் கூடாது, அதட்டக் கூடாது, வயித்த அமுக்கவே கூடாது. முட்டை உள்ள சிக்கிக் கிடக்கு அண்ணாச்சி, உள்ளயே உடைஞ்சுதுன்னா கோழி அவ்ளவுதான்னான். தங்கப்பழம் மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டையர்டானவன். அடுத்த தெருதான், ஆனா ஞாயித்துக்கிழமை பாத்து தூத்துக்குடியில மக வீட்டுல போயி மீன் குழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், போன்லயே முள்ளு துப்புத சத்தம் கேக்குது. ஆஸ்பத்திரியும் இன்னைக்குப் பூட்டு. காலையில இருந்து இது தீனி எடுக்கல, வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில நின்னு முக்கு முக்குன்னு முக்குது, கொண்டை வெளுத்துக் கிடக்கு. இப்ப தண்ணியில வச்ச உடனே ஒரு மாதிரியா என்னைப் பாத்துச்சு. ஒரு கண்ணாலதான். கோழி என்னைக்கு ரெண்டு கண்ணால பாத்திருக்கு. மீசை அரிக்குது. உக்காந்து ஒரு நிமிசம் ஆகல, மூக்குக்கு நேர் கீழ, இடது பக்கம். அரிக்கட்டும். நெனைக்காம இருந்தா அரிக்காது. நெனைக்காம இருக்கணும்னு நெனைக்கேன் பாரு, அதான் அரிக்குது. சவத்த விடு.

ஐயோ, என்ன வார்த்தை சொல்லிட்டேன். சவத்த விடுன்னு சொல்லிட்டேனே, கையில கோழிய வச்சுக்கிட்டு. நான் வேற எதையும் நெனைச்சுச் சொல்லல, பேச்சுவாக்குல வந்துது, ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுத வார்த்தை. நெல்லைக்காரன் எவன் சொல்லல? ஏன் இப்ப பதறுதேன்? எனக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதே. நாலு நாப்பது வண்டி. அதுதான் முக்கியம். முக்கூடல்ல இருந்து வாரது, நாலு நாப்பதுக்கு நம்ம ஸ்டாப்ல நிக்கும், அதுல பிரமாச்சி இறங்குவா, சடங்கு வீட்டுத் தாம்பூலப் பையோட அஞ்சு நிமிசத்துல வாசல்ல நிப்பா. அவ வாரதுக்குள்ள முட்டை வெளிய வந்து, கோழி தொடைச்சுக் காஞ்சு, பேசின் கழுவிக் கவுந்திருக்கணும். உக்காரும்போது மூணு நாப்பத்தஞ்சு. வாட்ச்ச கழட்டி வச்சாச்சு, ஆனா எனக்கு வாட்ச் எதுக்கு? கண்ண மூடிக்கிட்டே மணி சொல்லுவேன். அரை மணி நேரத்துக்கு நாலே கால். இருபத்தஞ்சு நிமிசம் கையில மிச்சம். இவளுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. வேற கோழின்னா நானே தெருமுனையில நிப்பேன், ஏட்டி வெரசலா வா, கோழிக்குச் சரியில்லன்னு கத்திருப்பேன். இது அந்தக் கோழி இல்ல. இதோட வலது கால்ல மஞ்சக் கயிறு கிடக்கு, கயித்துல ஒரு துண்டு விரலி மஞ்சள். எனக்காக நேர்ந்துவிட்ட கோழி. பதினோரு மாசத்துக்கு முன்ன என் நெஞ்ச அறுத்து பைபாஸ் பண்ணிக்கிட்டு இருக்கும்போது, இவ ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு, தாயே உச்சினிமாகாளி, இவியள திருப்பித் தா, உனக்கு ஒரு கருங்கோழி உயிர் குடுக்கேன்னுட்டா. நான் திரும்பி வந்துட்டேன். வந்த வாரமே கருப்புக் குஞ்சு ஒண்ணு வாங்கி, என் தலைய மூணு சுத்து சுத்தி, கால்ல கயிறக் கட்டி விட்டுட்டா. கயிறு இறுகும்போதெல்லாம் மாத்திக் கட்டி, இன்னைக்கு இது வளர்ந்து நிக்கு. நாளைக் கழிச்சு செவ்வாக்கிழமை கோயில் கொடை. அது வரைக்கும் இது உயிரோட இருக்கணும். வெட்டுததுக்கு முன்னால செத்திரக் கூடாது.

கேக்க எப்படி இருக்கு பாரு. ஞாயித்துக்கிழமை வெந்நீர், செவ்வாக்கிழமை அரிவாள். எனக்கும் அப்படித்தானே பண்ணினாவ. ஆபரேசனுக்கு முந்தின நாள் வெந்நீர்ல குளிப்பாட்டி, நெஞ்சு முடி, கால் முடி எல்லாம் செரைச்சு, ஆம்பள நர்ஸ் ஒருத்தன் பிளேட எடுத்துக்கிட்டு, சார் மீசையும் எடுத்திரட்டா, வாயில குழாய் வைக்கணும்னான். யார்கிட்ட? முப்பத்தோரு வருச மீசை. ஸ்டாண்டுக்குள்ள இந்த மீசை திரும்புச்சுன்னா டிரைவர்மாரு பாதி டீயோட வண்டியில ஏறிருவானுவ. கட்டில்ல இருந்து எந்திரிச்சு உக்காந்துட்டேன். உயிர் போனாலும் போகட்டும்யா, மீசையில கை வைக்காதன்னேன். பயந்துட்டான். பிரமாச்சி தலையில அடிச்சுக்கிட்டா, உசிரப் பாருங்கன்னா மசுரப் பாக்காவளேன்னு. குழாய மீசைக்கு மேலயே ஒட்டினாவ, பிளாஸ்திரிய பிச்சு எடுக்கும்போது பாதி மீசை அதோட வந்துது, அது வேற விசயம். வளர்ந்துட்டு. ஏன் மறுபடி மீசைய நெனைச்சேன்? இப்ப வலது பக்கமும் அரிக்குது. தோள்பட்டையில தேய்ச்சுப் பாக்கலாம்னு குனிஞ்சா கோழி படபடன்னு அடிச்சு முகமெல்லாம் உப்புத் தண்ணி. சரிம்மா, சரிம்மா, ஒண்ணும் இல்ல, உக்காரு ஸ்பேரு.

ஆமா, பேர் வச்சிருக்கேன். வைக்கக் கூடாதாம். நேர்ந்துவிட்ட உயிருக்குப் பேர் வச்சா அது வீட்டுப் பிள்ளை ஆயிரும், பொறவு குடுக்கப்பிடாதுன்னு பிரமாச்சி முதல் நாளே சொல்லிட்டா. மத்ததுக்கெல்லாம் நான் வச்ச பேருதான். பாபநாசம், முக்கூடல், சேரமாதேவி, மூணும் பொட்டை. சேவலுக்குப் பேரு கண்டக்டர், எல்லாத்தையும் உள்ள போ உள்ள போன்னு தள்ளிக்கிட்டே இருக்கும், தான் மட்டும் வாசல்ல நிக்கும். இதை மட்டும் பிரமாச்சி 'அது'ம்பா. அதுக்கு தண்ணி வச்சியளா, அதக் கூண்டுல அடைச்சியளா. நான் மட்டும் தனியா இருக்கும்போது ஸ்பேருன்னு கூப்பிடுவேன். டிப்போவுல ஒரு வண்டி வழியில படுத்துட்டுன்னா அதுக்குப் பதிலா போறதுக்குன்னே ஒரு வண்டிய ஒதுக்கி நிப்பாட்டியிருப்போம், அதுக்கு ஸ்பேர்னு பேரு. இது எனக்குப் பதிலா போறது. சும்மா வேடிக்கைக்குத்தான் வச்சேன். ஆனா கூப்பிட்டா வருது. அந்த மூணும் தீனிக்கு வரும், இது பேருக்கு வரும். பேருக்கா வருது, பொய் சொல்லாதடா பலவேசம், ஓட்ஸுக்கு வருது.

ஓட்ஸ். அங்கதான் இருக்கு வில்லங்கம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து காலையில எனக்கு இட்லி கிடையாது, பூரி கிடையாது, ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம், அவ்ளவு பசை. காத்தாட கொல்லையில உக்காந்து குடிக்கேன்னு கிண்ணத்த எடுத்துக்கிட்டு வந்து, கருவேப்பிலை மரத்து மறைவுல இதுக்கு ஊத்திருவேன். மத்ததுகள கண்டக்டர் தள்ளிக்கிடும், இது மட்டும் கிண்ணத்துக்குள்ள தலைய விட்டு மணிமணியா தின்னும். பதினோரு மாசம். இன்னைக்குப் போன்ல தங்கப்பழம் கேக்கான், கொழுப்பு வச்ச கோழிக்குத்தான் இப்படி முட்டை சிக்கும், என்ன தீனி போடுதிய அண்ணாச்சின்னு. நொய்யும் கம்பும்னேன். வாய் கூசாம சொன்னேன். என்னைக் காப்பாத்த நேர்ந்துவிட்ட உயிர், அதுக்கு என் பத்தியத்தையும் போட்டு, என் கொழுப்பையும் அதுக்கே ஏத்திவிட்டிருக்கேன். எனக்குப் பதிலா எல்லாத்தையும் தின்னு, எனக்குப் பதிலா படுத்தும் கிடக்கு. பிரமாச்சியோட மூட்டுவலி கால்சியம் மாத்திரையில ஒண்ண எடுத்துப் பொடிச்சு வாயில ஊத்தியாச்சு, விளக்கெண்ணெய் தடவியாச்சு. இனி இந்த வெந்நீர்தான். தண்ணி ஆறுதோ? ஆறல. ஆறுத மாதிரித்தான் இருக்கு.

போன் அடிக்குது. ஆணியில தொங்குத சட்டைப் பையில கிடக்கு, கை எட்டுத தூரம்தான், ஆனா எந்தக் கை? தங்கப்பழமாத்தான் இருக்கும், கைய கழுவிட்டு ஞாபகம் வந்து போடுதான். அமுக்காதீய அமுக்காதீயன்னு மறுபடியும் சொல்லுவான். அமுக்கல போ. அடிச்சு ஓய்ஞ்சுட்டு. மறுபடியும் அடிக்குது. அட போன வைய்யா. கண்டக்டர் வேற வெளிய இருந்து கொக்கரிக்கு, பாபநாசம் கதவு கிட்ட வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. பாக்காதீய, போங்க, இங்க ஒண்ணும் வேடிக்கை இல்ல. இடது தோள்ல லேசா ஒரு இழுப்பு. வெந்நீர்ப் பானை தூக்கினது. பானைதான். அன்னைக்கும் இடது தோள்லதான் ஆரம்பிச்சுது, அன்னைக்கு நான் பானை ஒண்ணும் தூக்கல. இது பானை. மூச்ச இழுத்துப் பாப்போம். வருது. விட்டுப் பாப்போம். போகுது. சரி. இந்தக் கோழி போச்சுன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. வேற கருங்கோழி கிடைக்காமலா போயிரும். அப்படித்தான் நான் சொல்லுவேன். அவ சொல்ல மாட்டா. நேர்ந்த உயிர் நடுவுல போனா ஆத்தா வேண்டாம்னுட்டான்னு அர்த்தமாம். அந்த உயிர் வேண்டாம்னா எந்த உயிர் வேணும்? அவ வாயால கேக்க மாட்டா, நடுவீட்டுல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டுப் போகும்போது மேல டியூப் லைட்டு ஒண்ணு ஒண்ணா போகுது, கதவு வந்துட்டு, இவ நின்னுட்டா, அதுக்கு மேல விட மாட்டாவ. திரும்பிப் பாத்தேன். எனக்கு அப்ப சாவு பயம் இல்ல, ஊசி போட்டு எல்லாம் மப்பா இருந்துது. அவ மூஞ்சியப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்துது. அதை இன்னொரு தடவை பாக்க என்னால முடியாது. அவ்ளவுதான் விசயம். சாமியும் கிடையாது பூதமும் கிடையாது. முப்பத்திரெண்டு வருசமா கொடைக்கு அவளக் கூட்டிட்டுப் போயிட்டு, கோயில் வாசல்ல கைய கட்டிக்கிட்டு நின்ன ஆளு நான். உள்ள போனதில்ல, கும்பிட்டதில்ல. அவ ஒருத்தியாத்தான் எல்லாத்தையும் கும்பிட்டா. அன்னைக்கு வராண்டாவுலயும் ஒருத்தியாத்தான் நின்னிருக்கா.

உள்ளங்கையில இதோட நெஞ்சு அடிக்குது, எஞ்சின் மாதிரி தடதடன்னு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணவே முடியல. என்னுது எங்கயோ கீழ மெதுவா தட்டுது. ஒண்ணு தெரியுமா ஸ்பேரு, என் நெஞ்சையும் நிப்பாட்டி வச்சுத்தான் தச்சாவளாம். கொஞ்ச நேரம் நின்னே போச்சாம், மெசின்தான் ஓடிச்சாம். டாக்டர் சொல்லும்போது பிரமாச்சி காதப் பொத்திக்கிட்டா. அந்த நேரத்துலதான் உன்னைக் குடுக்கேன்னு சொல்லியிருப்பா. அப்ப நீ முட்டைக்குள்ளதான் கிடந்திருப்ப. உன்கிட்ட யாரு கேட்டா. நீ பிழைச்சாலும் ரெண்டே நாளு, அதுக்கு எதுக்கு இந்தப் பாடுன்னு நெனைக்கியோ? நானும் அதைத்தான் நெனைக்கேன். செவ்வாக்கிழமை உன்னையக் கூடையில வச்சு நான்தான் தூக்கிக்கிட்டுப் போகணும், அவளுக்கு மூட்டு வலி. வழியில நான் கூப்பிட்டா நீ கூடைக்குள்ள இருந்து பதில் வேற சொல்லுவ. ஏ, என்ன இது. ஏ ஸ்பேரு. தலை சாயுது. கழுத்து துவண்டு என் மணிக்கட்டு மேல விழுந்துட்டு. கீழ் இமை மேல ஏறி கண்ண மூடிட்டு. அந்தத் தடதடப்பு எங்க? கையில ஒண்ணும் தெரியல, என் கைதான் மரத்துப் போச்சா, வெந்நீர்ல ஊறி ஊறி? அமுக்கிட்டேனா? அமுக்கலியே! பேசிக்கிட்டே இருக்கும்போது கை இறுகிட்டோ. முழிச்சுக்க, ஏ, முழிச்சுக்க, ஓட்ஸ் தாரேன், வேண்டாம் ஓட்ஸ் வேண்டாம், கண்ணத் தொற. தாயே! தாயே உச்சினிமாகாளி! யாரு கத்துதா, நான்தான் கத்துதேன், மைக் இல்லாமலே எட்டு பிளாட்பாரத்துக்கும் கேக்குத என் பழைய குரல்ல கத்துதேன். தாயே, நான் பலவேசம் பேசுதேன், பிரமாச்சி வீட்டுக்காரன். இதைப் பிழைக்க வச்சிரு. நாளைக் கழிச்சும் கேக்காத, பிழைக்க வச்சிருன்னா பிழைக்கவே வச்சிரு. உனக்கு நான் மொட்டை போடுதேன். சொல்லி வாய மூடல, நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என் தலையில என்ன இருக்கு? காதுக்கு மேல இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. காலாவதியான பாஸைக் காட்டி வண்டியேறுதவன எத்தனை பேர நான் இறக்கி விட்டிருக்கேன், ஆத்தா என்ன விடுவாளா? இல்ல தாயே, மொட்டை இல்ல, அது ஏமாத்து. மீசை. மீசையத் தாரேன். முழுசாத் தாரேன். செவ்வாக்கிழமை உன் வாசல்ல வந்து, உள்ளயே வந்து, செரைச்சுப் போடுதேன். கோழிய விட்டுரு!

முதல்ல ஒரு முக்கல். முதுகு வளைஞ்சு இறகெல்லாம் குத்திட்டு நின்னுது. பொறவு தண்ணிக்குள்ள கொளக்குன்னு ஒரு சத்தம், என் விரலுக்கு நடுவுல வழவழன்னு என்னமோ வந்து நின்னுது. முட்டை. ஓடு இல்லாத தோல்முட்டை, பிதுங்கிப் பிதுங்கி மிதக்குது. ஸ்பேர் கண்ணத் தொறந்து, தலைய உதறி, தான் போட்டத தானே ஒரு கண்ணால பாத்துட்டு, கொக்குன்னுச்சு. அழுகையா சிரிப்பான்னு தெரியாம ஒரு சத்தம் என் தொண்டையில இருந்து வந்துது, நல்லவேளை யாரும் இல்லன்னு நிமிந்தா, பாத்ரூம் வாசல்ல பிரமாச்சி நிக்கா. பட்டுச்சேலை, கையில தாம்பூலப் பை.

"நாலு நாப்பது வண்டி இன்னும் வரலியே"ன்னேன்.

"நாலு நாப்பத நாலு பத்தாக்கி ஒரு வருசம் ஆச்சு. ஸ்டாப்ல இறங்கி ரெண்டு தடவை போன் போட்டேன், ஒரு ஆத்திர அவசரத்துக்கு எடுக்கியளா?" அவ கோழியப் பாத்தா, தண்ணியில மிதக்குத முட்டையப் பாத்தா, பொறவு என் மூஞ்சிய. நான் அந்தப் பார்வைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வரல. வாய்தான் லேசா கோணுச்சு. "தெருமுனைக்கே கேக்குது உங்க சத்தம். தாயேன்னு யாரோ கூப்பிடுதாவளே, நம்ம வீட்டுல அப்படி யாரும் கிடையாதேன்னு ஓடி வாரேன்."

"ஏட்டி, இது செத்திருக்கும். அதான் ஒரு அவசரத்துல... எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை..."

"பேசாதீய." பைய கீழ வச்சுட்டா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு நிக்கு, அதத் தொடைக்கவும் இல்ல. "உங்க உசிருக்குக் குடுக்காத மீசைய கோழிக்குக் குடுக்கியளோ?"

தலையக் குனிஞ்சுக்கிட்டேன். "நேர்ந்தது நீ. உன் இஷ்டம். நீ செவ்வாக்கிழமை குடுத்துத்தான் ஆகணும்னா நான் கூடையத் தூக்கிட்டு வாரேன்."

அவ கொடியில கிடந்த துண்ட உருவி, மூட்டு வலியோட முனங்கிக்கிட்டே என் முன்னால குத்தவச்சு உக்காந்தா. பொறவு ரெண்டு கையையும் நீட்டி, "வா ஸ்பேரு"ன்னா.

"உனக்கு எப்படித் தெரியும் இந்தப் பேரு?"

"கருவேப்பிலை மரத்துக்கடியில நீங்க பேசுதது அடுப்படி ஜன்னல்ல அப்படியே கேக்கும். ஓட்ஸ் ஊத்துத சத்தமும் கேக்கும்." கோழிய வாங்கி துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டா. மஞ்சக் கயித்த விரலால ஒரு தடவ தடவிப் பாத்தா, அவுக்கல. "நாளைக்குப் பூ கட்டிப் போட்டு ஆத்தாகிட்ட உத்தரவு கேப்பேன். அவ சரின்னுதான் சொல்லுவா. நான் கேட்டது ஒரு ஆளத்தான். ஆளையும் தந்து, அவிய வாயால ஒரு 'தாயே'யும் தந்துட்டா. இதுக்கு மேல அவ கோழிய வச்சு என்ன செய்யப் போறா." மூக்க உறிஞ்சிக்கிட்டு நிமிந்தா. "நாளையில இருந்து ஓட்ஸ் என் முன்னால உக்காந்துதான் குடிக்கணும். மீசை முழுசும் போகணும், ஓரத்துல கீரத்துல மிச்சம் வச்சியன்னா நானே பிளேட எடுப்பேன், ஆமா."

கோழிய அணைச்சுக்கிட்டு அடுப்படிப் பக்கம் போயிட்டா. கதகதப்பா வைக்கணும்னு தங்கப்பழம் சொன்னத நான் சொல்லவே இல்ல, அவளாத் தெரிஞ்சுக்கிட்டா. நான் முக்காலியிலயே உக்காந்திருந்தேன். ரெண்டு கையும் சும்மா இருக்குன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துது. மீசைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. கைய தொடைச்சுக்கிட்டு, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை, ஆசை தீர நல்லா சொறிஞ்சேன்.